அரசன்முன் பரிந்துரை: பேகன் மனைவி கண்ணகி குறித்த புறப்பாடல்களும் எபிரேயத் திருமறைப் பெண்களும்

ஆய்வுச்சுருக்கம்

பழனி மலைப்பகுதியை ஆண்ட வையாவிக் கோப்பெரும்பேகன் தன் மனைவி கண்ணகியைப் பிரிந்திருந்தபோது, நான்கு புலவர்கள் அவள் பொருட்டு அவனிடம் பாடிய ஐந்து பாடல்கள் புறநானூற்றில் (143–147) இடம்பெற்றுள்ளன. அதிகாரம் உடையவன்முன் பிறர்பொருட்டுப் பரிந்து பேசும் இதே சூழல் எபிரேயத் திருமறையிலும் பலமுறை அமைகிறது. அங்குப் பெரும்பாலும் பெண்களே பேசுகின்றனர். இக்கட்டுரை இவ்விரு மரபுகளிலும் பரிந்துரை இயங்கும் முறையை ஒப்பிட்டு விளக்குகிறது. அரசனின் சொல்லையும் செயலையும் கொண்டே அவனை அளத்தல் இரு மரபுக்கும் பொதுவான உத்தி என்பதையும், எவருடைய துயருக்குப் பேச ஆள் கிடைத்தது, எவருக்குக் கிடைக்கவில்லை என்பதே இவ்வொப்பீட்டில் எழும் முதன்மையான வினா என்பதையும் எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: பேகன், கண்ணகி, குறுங்கலி, கோடைமலை, அபிகாயில், தெக்கோவாப் பெண், தாமார், ஆகார், பரிந்துரை.

1. முன்னுரை

தமிழ் – எபிரேய இலக்கிய ஒப்பாய்வு பெரிதும் அகத்துறை சார்ந்தே வளர்ந்துள்ளது. ஹெய்ம் ராபின் 1973இல் எழுதிய கட்டுரை உன்னதப்பாட்டைச் சங்க அகப்பாடல்களோடு இணைத்து நோக்கியது. ஆபிரகாம் மரியசெல்வம் 1988இல் அதே பொருளை நூலாக விரித்தார். இவற்றுக்கு முன்பே, 1856இல், கால்டுவெல் தம் ஒப்பிலக்கணத்தில் சாலமோனின் கப்பல்கள் கொணர்ந்த பறவையைக் குறிக்கும் எபிரேயச் சொல்லைத் தமிழின் ‘தோகை’ என்னும் சொல்லோடு தொடர்புபடுத்தினார். இச்சொற்பிறப்பை ஏற்போரும் மறுப்போரும் உளர்.

புறத்துறை சார்ந்த ஒப்பீட்டுக்கும் இடம் உண்டு. எபிரேயத் திருமறையின் கதைப்பகுதிகளில் வரும் பெண்கள் தாயாகவும் மனைவியாகவும் மட்டும் தோன்றுவதில்லை. அவர்கள் அரசன் முன்னும் படைத்தலைவன் முன்னும் சபை முன்னும் நின்று வழக்குரைக்கின்றனர். இத்தகைய காட்சிகளுக்கு நிகரான தமிழ்ச் சான்றுகளைப் புறநானூற்றிலேயே தேடவேண்டும். அவற்றுள் மிகச் செறிவானது பேகனின் மனைவி பொருட்டு எழுந்த பாடல் தொகுதியாகும்.

இவ்வொப்பீடு ஒரு மரபிலிருந்து மற்றொன்று கடன்பெற்றது என்னும் கருத்தை முன்வைக்கவில்லை. இரு சமூகங்கள் ஒரேவகைச் சூழலை எவ்வாறு சொல்லாக்கின என்பதே இங்கு நோக்கப்படுகிறது. எபிரேயப் பெயர்கள் ஹென்றி பவர் தலைமையில் உருவாகி 1871இல் வெளிவந்த மொழிபெயர்ப்பின் வடிவில் ஆளப்பட்டுள்ளன.

2. மலையும் நூல்களும்

இன்று கொடைக்கானல் அமைந்துள்ள பழனி மலைத்தொடரின் மேற்பகுதி கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரமுடையது. சங்கப் பாடல்களில் வரும் கோடைமலையை ஆய்வாளர்கள் இப்பகுதியோடு பொருத்துவர். கோடைப் பொருநனாகிய கடிய நெடுவேட்டுவனைப் பெருந்தலைச் சாத்தனார் பாடியுள்ளார் (புறம். 205). மலையடிவாரத்துப் பொதினி ஆவியர் குடிக்குரியதாக அகநானூற்றில் பேசப்படுகிறது (அகம். 1, 61). அக்குடியின் தலைவனே பேகன். மயில் குளிரால் நடுங்குகிறது என்றெண்ணிப் போர்வை ஈந்த செயலால் அவன் கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகச் சிறுபாணாற்றுப்படையிலும் இடம்பெற்றான்.

எபிரேயத் திருமறை தமிழில் இம்மலையை வந்தடைந்தது மிகப் பிற்காலத்தில். தரங்கம்பாடியில் சீகன்பால்கு பழைய ஏற்பாட்டை ரூத் ஆகமம் வரை மொழிபெயர்த்த நிலையில் 1719இல் மறைந்தார். எஞ்சிய பகுதியைப் பெஞ்சமின் ஷூல்ட்சே முடித்தார். அமெரிக்க மதுரை மிஷனைச் சார்ந்தோர் 1845இல் கொடைக்கானலில் குடியிருப்பு அமைத்தபோது அந்நூல் மலைமேல் வாசிக்கப்படும் நூலாயிற்று. உ.வே. சாமிநாதையர் புறநானூற்றைப் பதிப்பித்த ஆண்டு 1894. ஆகவே, இம்மலையின் தலைவனைப் பற்றிய பாடல்கள் அச்சு நூலாக வெளிவருவதற்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டு முன்பே தாவீதும் அபிகாயிலும் அச்சேறிய தமிழில் இங்கு அறிமுகமாகியிருந்தனர். இரு நூல்களையும் அருகருகே வைத்துப் படிக்கும் வாய்ப்பு பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில்தான் உருவாயிற்று.

3. கண்ணகிக்காக ஐந்து பாடல்கள்

கபிலர் (143), பரணர் (144, 145), அரிசில் கிழார் (146), பெருங்குன்றூர் கிழார் (147) ஆகிய நால்வரும் பாடிய இப்பாடல்கள் பெருந்திணையுள் குறுங்கலித் துறையாக வகுக்கப்பட்டுள்ளன. துறக்கப்பட்ட மனைவிபால் அன்புகொள்ளுமாறு கணவனை வேண்டுவது இத்துறையின் பொருள். கணவன் மனைவி பிரிவு அகத்திணைக்குரிய பொருளாயினும், தலைவனின் இயற்பெயர் சுட்டப்படுவதால் பாடல்கள் புறத்தில் இடம்பெற்றன. இல்லத்துத் துயர் இதனால் பொதுவெளி வழக்காகிறது.

கபிலர் தம் பாடலை மலைவாழ் குறவரின் வழிபாட்டோடு தொடங்குகிறார். மழை வேண்டிப் பலியிட்டவர்களே மழை மிகுந்தபின் அது மேலே செல்லவேண்டும் என்று மீண்டும் தெய்வத்தை வேண்டுகின்றனர். அருவி முரசெனப் பேரொலி செய்யும் சிற்றூரில், ஒரு வாயிலில் நின்று பேகனையும் அவன் மலையையும் புலவர் பாடுகிறார். அப்போது பெண்ணொருத்தி கண்ணீரை நிறுத்தமாட்டாமல் குழல் இரங்குவதுபோல் அழுகிறாள். அவள் யார் என்று புலவர் பேகனையே கேட்கிறார். விடை தெரிந்தவனிடம் தெரியாதவர்போல் வினவும் இவ்வினா குற்றச்சாட்டைக் காட்டிலும் கூர்மையானது. குறவர் குரலுக்குத் தெய்வம் செவிசாய்க்கும் மலையில், மனைவியின் அழுகைக்குத் தலைவன் செவிசாய்க்கவில்லை என்னும் முரண் சொல்லப்படாமலே விளங்குகிறது.

பரணரின் முதற்பாடல் ஒருபடி மேலே செல்கிறது. பேகனுக்கு உறவினளோ என்று புலவர் தொழுது வினவ, அப்பெண் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு தானே விடை கூறுகிறாள். தான் அவனுக்கு உறவல்லள் என்றும், தன்னைப் போன்ற ஒருத்தியின் அழகை விரும்பி முல்லை வேலியுடைய ஊருக்கு அவன் நாள்தோறும் தேரில் வருவதாகச் சொல்கிறார்கள் என்றும் மொழிகிறாள். ஐந்து பாடல்களிலும் அவள் குரல் கேட்கும் இடம் இஃது ஒன்றே.

எஞ்சிய மூன்று பாடல்களும் பரிசில் மறுப்பை மையமாகக் கொண்டவை. பசித்து வரவில்லை, சுற்றத்தைப் புரக்கும் சுமையும் இல்லை, இன்றிரவே தேரேறிச் சென்று அவள் துயர் களைவதே தாம் வேண்டும் பரிசில் என்கிறார் பரணர். அருங்கலங்கள் வேண்டா, அவள் கூந்தலில் நறும்புகை ஏறி மாலை சூடுமாறு குதிரைகள் தேரில் பூட்டப்படுக என்கிறார் அரிசில் கிழார். கார்காலத்து மழையொலியைத் தனியே கேட்டு வருந்தும் பெண்ணின் எண்ணெய் துறந்த கூந்தல் மீண்டும் மலர் அணிய வேண்டும், அதுவே தம் பரிசில் என்கிறார் பெருங்குன்றூர் கிழார். ஈகையால் புகழ்பெற்றவனிடம் ஈகையை மறுப்பதே அவனை அசைக்கும் வழி என்பதைப் புலவர்கள் அறிந்திருந்தனர்.

4. அதிகாரத்தின்முன் எபிரேயப் பெண்கள்

எபிரேயத் திருமறையில் பரிந்துரையின் முழுவடிவம் அபிகாயிலின் பேச்சில் காணப்படுகிறது (1 சாமு. 25). அவள் கணவன் நாபால் 3,000 ஆடுகளும் 1,000 வெள்ளாடுகளும் உடைய செல்வன். அரசனாகும் முன் வனாந்தரத்தில் அலைந்த தாவீது உணவு வேண்டி ஆளனுப்ப, நாபால் இகழ்ந்து மறுத்தான். தாவீது 400 பேரோடு வாளேந்திப் புறப்பட்டான். செய்தியைப் பணியாள் ஒருவன் வாயிலாக அறிந்த அபிகாயில் 200 அப்பங்களும், திராட்சை இரசமும், சமைத்த ஐந்து ஆடுகளும், பயறும், வற்றலும், அத்திப்பழ அடைகளும் கழுதைகள்மேல் ஏற்றி, கணவனுக்கு அறிவியாமல் மலைமறைவில் இறங்கிச் சென்று தாவீதை எதிர்கொண்டாள்.

அவள் பேச்சு மன்னிப்பு வேண்டுதலாகத் தொடங்கி அரசியல் அறிவுரையாக முடிகிறது. நாளை அரியணை ஏறும்போது வீணாகச் சிந்திய குருதி நெஞ்சில் இடறலாக இருக்கக்கூடாது என்பதே அவள் வாதத்தின் உட்பொருள். தன் குடும்பத்தைக் காக்க வந்தவள் தாவீதைத் தாவீதிடமிருந்தே காப்பதாக வாதத்தைத் திருப்புகிறாள். தாவீதும் அவள் மதியைப் போற்றித் திரும்புகிறான். நாபால் இறந்தபின் அவள் தாவீதின் மனைவியாகிறாள். அதன்பின் அவள் பேசிய சொல் எதுவும் பதிவாகவில்லை. அவள் பேச்சை அத்துணை விரிவாகப் பதித்த நூல் அவளைப் பின்னர் மனைவியர் பட்டியலில் ஒரு பெயராக மட்டும் விட்டுச்செல்வது கருதத்தக்கது.

தெக்கோவா ஊரின் அறிவுடைய பெண் வேறொரு வகையினள் (2 சாமு. 14). தமையன் அம்னோனைக் கொன்று நாடுகடந்த அப்சலோமை மீட்டழைக்க விரும்பிய படைத்தலைவன் யோவாப் அவளை அரசனிடம் அனுப்புகிறான். அவள் துயர்க்கோலம் பூண்டு கற்பனை வழக்கொன்றை உரைக்கிறாள்: இரு மைந்தருள் ஒருவன் மற்றவனைக் கொன்றுவிட்டான், எஞ்சியவனையும் பழிவாங்கச் சுற்றத்தார் கேட்கின்றனர், மிஞ்சிய ஒரு தணலும் அவிந்துபோகும். அம்மைந்தனுக்குத் தீங்கு நேராது என்று அரசன் ஆணையிட்டவுடன், அதே தீர்ப்பை அவன் தன் மகனுக்கு ஏன் வழங்கவில்லை என்று வினவுகிறாள்.

இவ்வரிசையில் மேலும் சிலர் உளர். ஆபேல் நகரத்து அறிவுடைய பெண் மதிலுக்கு உள்ளிருந்து யோவாபோடு பேசி நகர் அழிவதைத் தடுக்கிறாள் (2 சாமு. 20). அழைப்பின்றி அரசன்முன் செல்வோர்க்கு இறப்பு என்னும் விதியை மீறி எஸ்தர் அகாஸ்வேருவின் முற்றத்தில் நிற்கிறாள். 127 நாடுகளை ஆண்ட அம்மன்னனை இருமுறை விருந்துக்கு அழைத்த பிறகே தன் இனத்தின் உயிரை வேண்டுகிறாள்.

செலொப்பியாத்தின் புதல்வியர் ஐவர் மோசேயும் குருவும் தலைவர்களும் கூடிய சபைமுன் நின்று, ஆண்மக்கள் இல்லாத காரணத்தால் தந்தையின் பெயர் ஏன் அற்றுப்போக வேண்டும் என்று வினவி நிலவுரிமை பெறுகின்றனர் (எண். 27). அவர்கள் தம் வழக்கைத் தாமே உரைத்தவர்கள். அவ்வழக்கு சட்டமாகவும் மாறுகிறது. ஆயினும் அந்நிலம் வேறு கோத்திரத்துக்குச் செல்லாதிருக்கத் தம் கோத்திரத்திலேயே மணம் செய்யவேண்டும் என்னும் வரையறை பின்னர்ச் சேர்கிறது (எண். 36). தந்தையை இழந்த மகளிர் என்ற வகையில் பாரி மகளிர் இங்கு நினைக்கத்தக்கவர்கள். அவர்கள் பாடல் (புறம். 112) இழந்த குன்றுக்கான இரங்கலாக அமைகிறது. வழக்குரைக்க அவர்கள்முன் எந்தச் சபையும் இல்லை.

5. அரசனின் அளவுகோலால் அரசனை அளத்தல்

இரு மரபுகளையும் இணைக்கும் உத்தி ஒன்று உண்டு. பரணர் 145ஆம் பாடலில் பேகனை விளிக்கும்போது, மயிலுக்குப் போர்வை ஈந்த அருளை முதலில் நினைவூட்டுகிறார். பின்னரே மனைவியின் துயரைச் சொல்கிறார். பாடல் வெளிப்படையாக ஒப்பிடவில்லை. ஆனால் கேட்போர் ஒப்பிடாமல் இருக்க இயலாது. பேசவியலாப் பறவையின் நடுக்கத்தை உணர்ந்தவன் அழும் மனைவியை உணராதது எங்ஙனம்? அரிசில் கிழார் அவள் கூந்தலை மயில்தோகைக்கு உவமிக்கும்போது அதே மயில் மீண்டும் வருகிறது. வள்ளலின் புகழுக்கு அடிப்படையான பறவை அவன் குறையைக் காட்டும் சான்றாகிவிடுகிறது.

தெக்கோவாப் பெண் அரசனின் தீர்ப்பைக் கொண்டு அரசனை அளக்கிறாள். அபிகாயில் தாவீதின் வருங்காலப் புகழைக் கொண்டு அவனது அப்போதைய சினத்தை அளக்கிறாள். இருவரும் புற அறநூல் எதையும் மேற்கோள் காட்டவில்லை. அரசன் தானே ஏற்ற அளவுகோலையே அவன் கையில் திருப்பிக் கொடுக்கின்றனர். அதிகாரத்துக்கு மேலாக ஆணையிடும் நிலையில் இல்லாதவர்க்கு இதுவே இயன்ற வழி.

வேறுபாடும் இங்கேயே தொடங்குகிறது. புலவர்கள் பரிசில் பெறவேண்டியவர்கள். அதை மறுப்பதே அவர்களது வலிமை. அபிகாயில் பொருளைக் கொடுத்து உயிரைக் கேட்கிறாள். எஸ்தர் விருந்தளித்து உயிரைக் கேட்கிறாள். கொடையின் திசை தலைகீழாகிறது. பாடாண் மரபில் அரசனின் புகழ் புலவனின் நாவில் இருந்தது. ஆகவே புலவன் உரிமையோடு கடிந்துரைக்க முடிந்தது. எபிரேயப் பெண்களுக்கு அத்தகைய நிறுவன உரிமை இல்லை. அவர்கள் பேச்சு ஒவ்வொரு முறையும் தலைக்கு இடரோடுதான் தொடங்குகிறது.

6. எண்ணெய் துறந்த கூந்தல்

இரு நூல்களிலும் துயரின் அடையாளம் ஒன்றாக அமைந்திருப்பது வியப்புக்குரியது. பெருங்குன்றூர் கிழார் காட்டும் பெண் எண்ணெயைத் துறந்த கூந்தலோடு தனித்திருக்கிறாள். யோவாப் தெக்கோவாப் பெண்ணை அனுப்பும்போது, எண்ணெய் பூசாமல், நெடுநாள் துக்கம் காத்தவள்போல் தோன்றுமாறு அறிவுறுத்துகிறான். முன்னது உண்மைத் துயர், பின்னது நடிக்கப்பட்ட துயர்.

இவ்வேறுபாட்டைக் கொண்டு தெக்கோவாப் பெண்ணைப் போலி என்று ஒதுக்குவது பொருந்தாது. அவளைக் குறிக்கும் எபிரேய அடைமொழி ‘அறிவுடையவள்’ என்பது. துயர்க்கோலம் அரசனின் செவியைத் திறக்கும் என்பதை அறிந்து அதைச் சொற்கருவியாக்குவது அவளது புலமை. புறநானூற்றுப் புலவர்களும் கண்ணகியின் கூந்தலையும் கண்ணீரையும் அவைமுன் காட்சியாக்கியே வாதிடுகின்றனர். துயரை உடையவள் ஒருத்தி, துயரைச் சொல்லாக்குபவர் வேறொருவர் என்னும் பிரிவு இரு மரபிலும் உண்டு. அவ்வகையில் தெக்கோவாப் பெண் கண்ணகிக்கு நிகரானவள் அல்லள். பரணருக்கும் பெருங்குன்றூர் கிழாருக்கும் நிகரானவள்.

7. பெயரும் குரலும்

பேகனின் மனைவி பெயர் கண்ணகி என்பது பாடல்களுக்குள் எங்கும் வரவில்லை. அடிக்குறிப்பே அப்பெயரைத் தருகிறது. பாடல்களுக்குள் அவள் அரிவை, தனித்திருப்பவள், துயருற்று உறைபவள். தெக்கோவாப் பெண்ணுக்கும் ஆபேல் நகரத்துப் பெண்ணுக்கும் பெயரே இல்லை. அவர்கள் ஊரால் அறியப்படுகின்றனர்.

இதற்கு மாறான சான்று ஆகார் (ஆதி. 16, 21). சாராளும் ஆபிரகாமும் அவளைப் பற்றிப் பேசும் இடங்களில் அடிமைப்பெண் என்றே குறிக்கின்றனர். அவளைப் பெயரிட்டு அழைக்கும் முதற்குரல் வனாந்தரத்து நீரூற்றருகே கேட்கும் தெய்வத்தூதன் குரல். எங்கிருந்து வருகிறாய், எங்கே போகிறாய் என்று அக்குரல் வினவுகிறது. கபிலரும் வினாவோடுதான் வருகிறார். ஆனால் அவர் அவள் யார் என்று பேகனைக் கேட்கிறார். ஆகார் கதையில் வினா துயருற்றவளிடமே செல்கிறது. அவளும் விடையிறுத்து, தன்னைக் காண்பவர் என்னும் பொருளில் கடவுளுக்கே பெயர் சூட்டுகிறாள். பரணரின் 144ஆம் பாடல் இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. அங்கும் புலவர் அவளிடமே வினவுகிறார், அவளும் பேசுகிறாள். ஆனால் அப்பேச்சு புலவர் வாயிலாகவே பேகனைச் சென்றடைகிறது.

அவ்விடையில் அவள் மற்றொருத்தியைத் தன்னைப் போன்றவள் என்று குறிப்பது ஆழ்ந்து நோக்கத்தக்கது. அச்சொல்லில் கசப்பு உண்டு. எனினும் போட்டிப்பெண்ணைப் பழிக்கும் சொல் அதில் இல்லை. சாராளும் ஆகாரும், லேயாளும் ராகேலும், அன்னாளும் பெனின்னாளும் என எபிரேயக் கதைகள் ஒரே இல்லத்து இரு பெண்களின் பூசலை மீண்டும் மீண்டும் சித்திரிக்கின்றன. பூசலுக்குக் காரணமான அமைப்பை விட்டுவிட்டுப் பெண்கள் ஒருவரையொருவர் நோவதே அங்குப் பெருவழக்கு. பேகனின் மனைவி பொறுப்பை வருபவன்மேல் வைக்கிறாள். முல்லை வேலி ஊரினளோ எம்மரபிலும் பேசாதவளாகவே நிற்கிறாள்.

பெயர் குறித்து மொழியியல் செய்தி ஒன்றும் சுட்டத்தக்கது. எபிரேயத்தில் ‘ஆ’ என முடியும் பெண்பெயர்கள் 1871ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பில் சாராள், ரெபேக்காள், லேயாள், தெபொராள், அன்னாள் எனத் தமிழின் பெண்பால் விகுதியை ஏற்றன. செலொப்பியாத்தின் புதல்வியர் ஐவரும் மக்லாள், நோவாள், ஒக்லாள், மில்காள், திர்சாள் என்றே தமிழில் நிற்கின்றனர். ராகேல், ரூத், எஸ்தர், தாமார் போன்று மெய்யில் முடிந்த பெயர்கள் விகுதி பெறவில்லை. 1995இல் வெளிவந்த பொதுமொழிபெயர்ப்பாகிய திருவிவிலியம் சாரா, ரெபேக்கா, லேயா, தெபோரா, அன்னா என விகுதியை நீக்கியது. முன்னது பெயரைத் தமிழ் வாக்கியத்தின் பாலோடு பொருத்தியது, பின்னது மூலத்தின் ஒலியை நாடியது.

8. பரிந்துரைக்கப்படாதவள்

தெக்கோவாப் பெண்ணின் வெற்றிக்குப் பின்னால் ஒரு மௌனம் உள்ளது. அப்சலோம் அம்னோனைக் கொன்றதற்குக் காரணம் அவன் தங்கை தாமாருக்கு இழைக்கப்பட்ட வன்கொடுமை (2 சாமு. 13). தாமார் தாவீதின் மகள். நோயுற்றவன்போல் நடித்த அம்னோன் அவளைத் தன் அறைக்கு வரவழைத்தபோது அவள் வாதிடுகிறாள். இத்தகைய செயல் இஸ்ரவேலில் செய்யத்தகாது, தான் இவ்விழிவைச் சுமந்து எங்கே போவது, அவனும் மதிகெட்டவருள் ஒருவனாவானே, அரசனிடம் பேசலாமே என்கிறாள். அவள் ஆளும் ‘மதிகெட்டவன்’ என்னும் எபிரேயச் சொல்லே அபிகாயிலின் கணவன் நாபாலின் பெயர். அபிகாயில் போலவே தாமாரும் அறிவோடும் முறையோடும் பேசினாள். ஆயினும் கேட்கும் செவி அங்கு இல்லை.

அதன்பின் அவள் தலையில் சாம்பலிட்டு, ஆடையைக் கிழித்து, அழுதுகொண்டே போகிறாள். அவள் அண்ணன் அப்சலோம் பேசாதிருக்கச் சொல்கிறான். அரசன் சினங்கொள்கிறான், ஆனால் ஒன்றும் செய்யவில்லை. அவள் அண்ணன் வீட்டில் தனித்துக் கிடந்தாள் என்பதோடு கதை அவளை விடுகிறது. அந்நிலையைக் குறிக்கும் எபிரேய வேர்ச்சொல் பாழான நிலத்துக்கும் வழங்குவது.

அரசனின் மகன் மீண்டு வருவதற்கு அறிவுடைய பெண்ணொருத்தியைத் தேடிக் கண்ட அவை, அரசனின் மகளுக்காகப் பேச ஒருவரையும் தேடவில்லை. தாவீதின் அரண்மனையில் சொல்வன்மைக்குப் பஞ்சமில்லை. நாத்தான் தீர்க்கதரிசி ஆட்டுக்குட்டிக் கதையால் அரசனையே தன்மேல் தீர்ப்பளிக்கச் செய்தவர் (2 சாமு. 12). எனினும் அச்சொல்வன்மை தாமாரை நோக்கித் திரும்பவில்லை. இதனோடு ஒப்பிடும்போது பேகன் பாடல்களின் அருமை புலப்படும். அரசுரிமையும் போரும் மண்ணாசையும் ஊடாடாத ஒரு பெண்ணின் தனித்துயருக்காகப் பெரும்புலவர் நால்வர் பரிசிலைத் துறந்து பாடினர்.

9. ஒப்பீட்டின் எல்லை

மேற்கண்டவற்றைக் கொண்டு தமிழ்ப் பெண்கள் அரசன்முன் பேசவில்லை என்றோ, எபிரேயப் பெண்களுக்காக எவரும் பேசவில்லை என்றோ பொதுமை காண்பது தவறாகும். அதியமான் பொருட்டுத் தொண்டைமானிடம் தூது சென்ற ஔவையார் (புறம். 95) படைக்கலங்களைப் புகழ்வதுபோல் போரின் விளைவை உணர்த்தினார். அவ்வுத்தி அபிகாயிலின் மதிநுட்பத்துக்கு நெருக்கமானது. பேகன் மனைவியோடு பெயரால் மட்டும் ஒத்த சிலப்பதிகாரக் கண்ணகி பாண்டியன் அவையில் தன் வழக்கைத் தானே உரைத்தாள். பரலைக் கண்ட பாண்டியன் தன்னைத்தானே குற்றவாளியாக்கிக்கொண்டது, நாத்தான்முன் தாவீது நின்ற நிலையை ஒத்தது.

மற்றொரு வரம்பும் உண்டு. புலவர்கள் கண்ணகிக்காக வேண்டிய தீர்வு கணவன் திரும்புதல் ஒன்றே. அவள் விரும்பியது எது என்று தனியே கேட்கப்படவில்லை. கூந்தல் மீண்டும் மலர் அணிவது அவள் இன்பத்தின் அடையாளமாகப் புலவரால் வகுக்கப்பட்டது. பேகன் தேரேறினானா என்பதையும் பாடல்கள் சொல்லவில்லை. பரிந்துரை துயரை வெளிச்சத்துக்குக் கொணர்கிறது. அதே வேளையில் அத்துயரின் வடிவத்தையும் பரிந்துரைப்பவரே வரைந்துவிடுகிறார். பேச வந்த கோயிற்குரு அன்னாளின் மௌன வேண்டுதலைக் குடிமயக்கம் என்று பிழைபட உணர்ந்ததும், அவள் தானே அதைத் திருத்தியதும் (1 சாமு. 1) இவ்விடர்ப்பாட்டை உணர்த்தும் சான்றாகும்.

10. முடிவுரை

பரிந்துரை நிகழத் துயர், அதைச் சொல்லும் நா, அதைக் கேட்கும் செவி ஆகிய மூன்றும் கூடவேண்டும். பேகன் பாடல்களில் துயர் பெண்ணுடையது, நா புலவருடையது, செவி எத்தகையது என்பது தெரியவில்லை. அபிகாயில், தெக்கோவாப் பெண், எஸ்தர் ஆகியோரிடம் நா பெண்ணுடையதாகிறது, செவியும் திறக்கிறது. ஆனால் அவர்கள் காத்தவை பெரும்பாலும் குடும்பமும் மைந்தனும் இனமும். ஆகாரிடம் மனிதப் பரிந்துரையின்றியே செவி கிடைக்கிறது. தாமாரிடம் துயரும் நாவும் இருந்தும் செவி இல்லை, அவளுக்காக வேறு நாவும் எழவில்லை.

எபிரேயத் திருமறையின் புகழ்பெற்ற பெண்களைத் தமிழில் அறிமுகப்படுத்தும்போது அவர்களது கற்பு, பொறுமை, பக்தி ஆகியவற்றை மட்டும் எடுத்துக்காட்டும் வழக்கம் அவர்களின் சொல்வன்மையை மறைத்துவிடுகிறது. புறநானூற்றின் குறுங்கலிப் பாடல்களை அருகில் வைக்கும்போது அவர்கள் வழக்குரைத்த முறை தெளிவாகிறது. எபிரேயக் கதைகளை அருகில் வைக்கும்போது, பழனி மலையடியில் பெயர் சொல்லப்படாமல் அழுத பெண்ணுக்காகப் புலவர் நால்வர் பரிசிலைத் துறந்தது எத்துணை அரிய செயல் என்பதும் தெளிவாகிறது. குறுங்கலித் துறைப் பாடல்களைப் பரிந்துரை இலக்கியம் என்னும் வகைமைக்குள் வைத்து, பிற பண்டை மரபுகளோடும் ஒப்பிடுவது மேலாய்வுக்குரிய களமாகும்.